ஏர் எடுக்க எடுக்கத் தீராத பவர் ஸ்டீயரிங்

ஹோஸ் மாற்றி முடித்தாயிற்று. போல்ட்டுகளை இறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். இன்ஜின் வழக்கம்போல ஓடியது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் லேசாக ஒடித்தேன். கட்டிப்போட்ட கன்று அடித்தொண்டையில் கத்துவது போல பானெட்டுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம். வலது பக்கம் ஒடித்தேன். அதே சத்தம், இன்னும் கொஞ்சம் பெரிதாக. ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தால், ஊற்றும்போது தெளிந்த சிவப்பாக இருந்த ஆயில், பால் கலந்த மாதிரி ரோஸ் நிறத்தில் நுரைத்து மேலே வந்துகொண்டிருந்தது.

ஏர் பிடித்துக்கொண்டது, அதாவது ஆயிலுக்குள் காற்று மாட்டிக்கொண்டது. ரிப்பேருக்குப் பிறகு இது நடப்பதுதானே, அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நான்கு நாள் ஆனது. எங்கெங்கே சறுக்கினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் செய்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். பம்பிலிருந்து ஸ்டீயரிங் ரேக்குக்கு, அதாவது முன் சக்கரங்களை இடம் வலமாகத் தள்ளும் பல் தண்டுக்கு, போகும் பிரஷர் ஹோஸில், ரப்பரும் இரும்புக் குழாயும் சேரும் இடத்தில் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாள் ஊற்றி ஊற்றிச் சமாளித்தேன். ஈரம் சொட்டாக மாறியதும் புது ஹோஸ் வாங்கினேன். ரேக் பக்கத்து நட் துருவேறி உட்கார்ந்திருந்தது. சாதாரண ஸ்பேனரைப் போட்டால் அதன் முனைகள் மழுங்கிவிடும். குழாய் நுழைவதற்காக ஒரு பக்கம் வெட்டிவிட்ட ரிங் ஸ்பேனர் ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டுத்தான் அசைத்தேன். பம்ப் பக்கம் பேஞ்சோ போல்ட், நடுவில் ஆயில் போகத் துளை உள்ள போல்ட். அதன் இரண்டு புறமும் வரும் வாஷர்களைப் புதிதாகப் போட்டேன். ஒருமுறை நசுங்கிய வாஷர் அந்த அழுத்தத்தை மறுபடி தாங்கும் என்று நம்ப முடியாது.

பம்ப் பக்கம் கை நுழைய இடமே இல்லை. டப்பாவிலிருந்து பம்புக்கு ஆயில் வரும் தடித்த ஹோஸ் குறுக்கே நின்றது. அந்த ஹோஸின் முனையில் ஒரு அலுமினிய எல்போ, வளைந்த குழாய்த் துண்டு. பத்து எம்எம் ஸ்பேனர் போடும் சின்ன போல்ட் இரண்டைக் கழற்றி, எல்போவை ஹோஸோடு சேர்த்து ஒதுக்கி வைத்தேன். வேலை முடிந்ததும் அதே மாதிரி திரும்ப மாட்டினேன். இந்த எல்போவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் போகும் வழி தெரிந்தால்தான் ஏர் எங்கே ஒளிந்திருக்கும் என்பது பிடிபடும். பெல்ட்டால் சுற்றும் பம்ப், டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சி ரேக்குக்குத் தள்ளுகிறது. ஸ்டீயரிங் தண்டு ரேக்குக்குள் நுழையும் இடத்தில் ஒரு சுழல் வால்வு இருக்கிறது. ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது அதற்குள் இருக்கும் மெல்லிய கம்பி இம்மியளவு முறுகும். அந்த முறுக்கிலேயே வால்வு திறந்து, ரேக் சிலிண்டரின் ஒரு பக்கத்துக்கு ஆயில் பாயும். மறுபக்கத்தில் இருந்த ஆயில் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டப்பாவுக்குத் திரும்பிவிடும். நேராக ஓட்டும்போது அழுத்தம் சில பார்தான் (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). கடைசிவரை ஒடித்துப் பிடித்துக்கொண்டால் பல கார்களில் 80 பாரைத் தாண்டும். அதற்கு மேல் போகாமல் இருக்கத்தான் ரிலீஃப் வால்வு வைத்திருக்கிறார்கள்.

ஆயிலை அமுக்கினால் அமுங்காது, காற்று அமுங்கும். பம்புக்குள் ஒரு ரோட்டர், அதில் காடிகள், ஒவ்வொரு காடியிலும் வெளியே வந்து உள்ளே போகும் ஒரு சின்னத் தகடு. நுரை கலந்த ஆயில் உள்ளே வந்தால், குமிழ்கள் அழுத்தம் கூடிய பக்கத்துக்குப் போன உடனே படபடவென்று நசுங்கும். அதுதான் நம் காதுக்கு முனகலாகக் கேட்கிறது. ஸ்டீயரிங் விட்டுவிட்டுப் பிடிப்பதும் கையில் ஒரு துடிப்பு வருவதும் இதனால்தான். சத்தத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. அந்தத் தகடுகளுக்கு வழவழப்பு கொடுப்பது அந்த ஆயில் மட்டும்தான். நுரையில் ஓடும் பம்ப், பாதி காய்ந்த நிலையில் ஓடுகிறது என்றுதான் அர்த்தம்.

என் முதல் நாள் தப்பு இங்கேதான். ஹோஸ் காலி, ரேக்கில் பாதி காலி. டப்பாவை மட்டும் நிரப்பிவிட்டு இன்ஜினை ஓட்டிவிட்டேன். ஐடிலிங்கிலேயே நிமிடத்துக்கு எழுநூறு எண்ணூறு சுற்று ஓடும் இன்ஜினோடு பம்பும் சேர்ந்து சுற்றும். டப்பாவில் இருந்ததை ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் காற்றையும் இழுத்து, இரண்டையும் சேர்த்துக் கடைந்துவிட்டது. குழாயில் ஒரு பெரிய குமிழாக நின்றிருக்க வேண்டிய காற்று, கண்ணுக்குத் தெரியாத லட்சம் குமிழாக ஆயில் முழுக்கப் பரவிவிட்டது.

பெரிய குமிழ் நல்ல குமிழ். விறுவிறுவென்று மேலே வந்து உடைந்து போய்விடும். சின்னதுதான் தொல்லை. ஸ்டோக்ஸ் விதி என்று இயற்பியலில் ஒன்று உண்டு. அதன்படி குமிழின் விட்டம் பாதியானால் அது ஏறும் வேகம் கால் பங்காகிவிடும். பத்தில் ஒரு பங்கானால் நூறில் ஒரு பங்கு வேகம். ஒரு மில்லிமீட்டர் குமிழ் சில விநாடிகளில் ஏறும் உயரத்தை, அதில் பத்தில் ஒன்றாக இருக்கும் குமிழ் ஏறிக் கடக்கப் பல நிமிடம் ஆகும். அதையும்விடப் பொடியாக இருந்தால் மணிக்கணக்கு. அதனால் நுரைத்த ஆயிலோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. இன்ஜினை அணைத்து, டப்பா மூடியை லேசாக மேலே வைத்துவிட்டு, அன்று இரவு முழுக்க அப்படியே விட்டேன். காலையில் ஆயில் மறுபடி தெளிந்த சிவப்பு. மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது.

இரண்டாம் நாள் முறைப்படி செய்தேன்.

முன் சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்க வேண்டும். ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்குக் கட்டை, ஜாக்கில் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்ட். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் கையை விடாதீர்கள். சக்கரம் ஏன் அந்தரத்தில் இருக்க வேண்டும் என்றால், இன்ஜின் அணைந்திருக்கும்போது பவர் ஸ்டீயரிங் காரின் சக்கரத்தைத் தரையில் வைத்து ஒடிப்பது பெரிய பாடு. தோளும் நோகும், டயரும் தேயும். தூக்கிவிட்டால் ஒரு கையால் திருப்பலாம். நாம் திருப்பும்போது ரேக்குக்குள் இருக்கும் பிஸ்டன்தான் பம்பின் வேலையைச் செய்கிறது. இந்தப் பக்கத்து ஆயிலையும் காற்றையும் மெதுவாகத் தள்ளி ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டப்பாவுக்கு அனுப்பிவிடுகிறது. கடைவதற்கு யாரும் இல்லை என்பதால் குமிழ்கள் பெரிதாகவே வந்து உடைகின்றன.

டப்பாவுக்குக் கீழே ஆல்டர்னேட்டரும் பெல்ட்டும் இருந்தன. பழைய துணியை இரண்டாக மடித்து மூடினேன். பெல்ட்டில் ஆயில் பட்டால் அது வழுக்கிக் கிறீச்சிட ஆரம்பிக்கும். ஒரு சத்தத்தைத் தேடும்போது இன்னொரு சத்தம் கூட வந்தால் தலைவலிதான். இன்ஜினை ஓட்டுமுன் துணியை எடுக்க மறக்கக் கூடாது.

சாவியை ஸ்டீயரிங் பூட்டு விடுபடும் நிலைக்கு மட்டும் திருப்பி, மகளை உட்கார வைத்தேன். ஸ்டீயரிங் அவள் பொறுப்பு, ஆயில் என் பொறுப்பு.

"எவ்வளவு வேகமா திருப்பணும்ப்பா?"

"கிணத்துல வாளி இழுக்கிற மாதிரி. அவசரமே வேண்டாம். கடைசியில போய் முட்டினதும் அழுத்தாம அப்படியே திரும்பி வா."

முதல் மூன்று தடவை அவள் இடது பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் டப்பாவில் ஆயில் சட்டென்று இறங்கியது. வலது பக்கம் வரும்போது 'குபுக், குபுக்' என்று சுண்டைக்காய் அளவு குமிழ்கள். டப்பா அடி தெரிய விடக்கூடாது, இந்தக் கட்டத்தில் கவனம் முழுக்க அதில்தான். ஒரே ஒரு தடவை அடியில் இருக்கும் துளை காற்றைப் பார்த்துவிட்டால், அதுவரை செய்தது வீண். அதனால் ஒரு கையில் டார்ச், மறு கையில் ஆயில் பாட்டில். அவள் உள்ளேயிருந்து எண்ணிக்கொண்டே வந்தாள். பத்தில் குமிழ் மிளகு அளவானது. பதினெட்டில் கடுகு.

"இருபது. போதுமாப்பா?"

"இன்னும் பத்து திருப்பிடு கண்ணு."

முப்பதில் குமிழ் நின்றது. அதுவரை முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே போயிருந்தது. இருபது தடவை போதும் என்று சிலர் சொல்வார்கள், நாற்பது என்று சிலர். எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். குமிழ் நின்ற பிறகு இன்னும் ஐந்தாறு தடவை திருப்புங்கள், அவ்வளவுதான் கணக்கு.

எந்த ஆயில் ஊற்றுவது என்பதிலும் ஒரு வார்த்தை. டப்பா மூடியிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். என் காருக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயில், அதனால்தான் சிவப்பு. ஹோண்டா தன் கார்களுக்கென்று தனி ஆயில் சொல்கிறது. சில ஐரோப்பிய கார்களில் பச்சை நிறத்தில் வேறொன்று வரும். நிறம் ஒன்றுபோல இருக்கிறது என்று கலக்க வேண்டாம். பிரேக் ஆயிலை மட்டும் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள். அது மினரல் ஆயில் அல்ல, ரேக்கில் உள்ள சீல்களை உப்ப வைத்துக் கெடுத்துவிடும்.

பிறகு பத்து நிமிடம் விட்டு, மகளை இறக்கிவிட்டு நான் உட்கார்ந்து இன்ஜினை ஓட்டினேன். ஐடிலிங் மட்டும், ஆக்சிலேட்டரைத் தொடவில்லை. இடது பக்கம் மெதுவாக, வலது பக்கம் மெதுவாக. கடைசி முனையைத் தொட்டதும் திரும்பிவிட வேண்டும். அங்கேயே பிடித்துக்கொண்டு ஐந்து விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ரிலீஃப் வால்வு திறந்து அதே ஆயில் சின்ன வட்டத்தில் சுற்றிச் சுற்றிக் கொதிக்கும். பம்புக்கு அதைவிடக் கெட்டது வேறில்லை. 'அதிகமா அழுத்தினா ஏர் சீக்கிரம் வெளியே போகும்' என்று பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அழுத்தினால் காற்று ஆயிலில் கரையும், வெளியே போகாது.

முனகல் இருந்தது, ஆனால் பாதி. அணைத்து, அரை மணி விட்டு, திரும்ப. மூன்றாவது சுற்றில் சத்தம் இல்லை.

உள்ளே ஏர் மிச்சம் இருக்கிறதா என்று காதை மட்டும் நம்பாமல் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. டப்பா ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் என்பதால் அதன் மேல் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டினேன். இன்ஜின் ஓடும்போது ஆயில் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு. அணைத்த உடனே எங்கே ஏறி நிற்கிறதோ அங்கே இன்னொரு கோடு. இன்ஜின் ஓடும்போது உள்ளே மாட்டியிருக்கும் காற்று அழுத்தத்தில் சுருங்கியிருக்கும். அணைத்ததும் விரிந்து ஆயிலை டப்பாவுக்குத் தள்ளும். காற்றே இல்லையென்றால் மட்டம் கிட்டத்தட்ட அசையாது. டொயோட்டாவின் பணிமனைக் கையேடுகளில் இந்த ஏற்றம் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு முதல் சுற்றில் 12 வந்தது, மூன்றாவது சுற்றில் 4. சக்கரத்தை இறக்கி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன். ஒரு விரலில் திரும்பியது. கருவிகளை எல்லாம் துடைத்து எடுத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஸ்டார்ட் செய்ததும் கன்று திரும்பக் கத்தியது.

மூடியைத் திறந்தால் ரோஸ் நுரை. அணைத்தால் ஏற்றம் 11 மில்லிமீட்டர். நேற்று விட்டுப்போன ஏர் எங்கோ மூலையில் இருந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, திரும்பவும் ஜாக், ஸ்டாண்ட், முப்பது தடவை. சத்தம் போனது. மதியம் ஓட்டினேன், அரை மணியில் திரும்ப வந்தது. இன்னொரு தடவை எடுத்தேன். மாலையில் திரும்ப வந்தது. ஒரு மெக்கானிக் நண்பரைப் போனில் கேட்டேன். ஹோஸ் மாற்றினேன் என்று சொல்லி முடிப்பதற்குள், "பம்ப் போயிருச்சு, மாத்திடுங்க சார்" என்றார். அவர் சொன்னதில் எனக்கும் பயம் இருந்தது, முதல் நாள் காய்ந்து ஓடவிட்டது நான்தானே. ஆனால் ஒன்று இடித்தது. ஏர் எடுத்த கையோடு பம்ப் பூனை மாதிரி ஓடுகிறது. தகடு தேய்ந்த பம்ப் அரை மணி மட்டும் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு கெடுமா?

பெல்ட் வழுக்கலா என்று ஒரு பார்வை. ஓடும் பெல்ட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் பெல்ட் சத்தம் சட்டென மாறும். மாறவில்லை.

அன்று மாலை உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. ரிப்பேரில் உள்ளே மாட்டிய ஏர் என்றால் ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் குறைந்துகொண்டே வர வேண்டும். 12, 8, 4, 2 என்று. எனக்கு 4 ஆகி மறுபடி 11. அப்படியென்றால் மிச்சம் இருந்த ஏர் இல்லை இது. புதிதாக வருகிறது. எங்கோ இழுக்கிறது.

ஆனால் ஒரு சொட்டு ஆயில்கூட எங்கும் கசியவில்லை. பிரஷர் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஆயில் பீச்சியடிக்கும், காற்று உள்ளே வராது. ரிட்டர்ன் பக்கத்திலும் லேசான அழுத்தம் உண்டு, அதுவும் வெளியேதான் கசியும். வெளிக் காற்றைவிட அழுத்தம் குறைந்த இடம் மொத்தச் சுற்றிலும் ஒன்றே ஒன்றுதான்: டப்பாவுக்கும் பம்பின் வாய்க்கும் நடுவில் உள்ள ஒரு முழம். பம்ப் உறிஞ்சுவது அங்கேதான். அங்கே ஆயில் வெளியே வர முடியாத அளவு மெல்லிய இடுக்கு இருந்தாலும் காற்று நுழைந்துவிடும். ஓடும்போது உள்ளே இழுக்கும், நிற்கும்போது சொட்டாது. தரையில் கறையைத் தேடுகிறவனுக்கு ஆயுசுக்கும் சிக்காது.

அந்த ஒரு முழத்தில் சந்தேகப்பட வேண்டியவை மூன்றே இடம். டப்பா பக்கத்துக் கிளாம்ப், எல்போ பக்கத்துக் கிளாம்ப், எல்போ பம்பில் உட்காரும் இடம். கிளாம்ப் இரண்டும் பழைய ஸ்பிரிங் வகை. அவற்றைத்தான் முதலில் குறை சொன்னேன். திருகி இறுக்கும் புதுக் கிளாம்ப் இரண்டு போட்டேன், மறுபடி ஏர் எடுத்தேன், மறுபடி முனகல். ஊகத்தில் மாற்றியது அதோடு போதும் என்று நிறுத்தினேன்.

நான்காம் நாள் கை வேக்கம் பம்பை எடுத்தேன், கையால் அமுக்கிக் காற்றை உறிஞ்சி எடுக்கும் மீட்டர் வைத்த பம்ப். பிரேக்கில் ஏர் எடுக்க வாங்கி வைத்தது. பழைய டப்பா மூடி ஒன்றில் துளை போட்டு, ஹோஸ் மாட்ட ஒரு சின்னக் குழாய்த் துண்டு சொருகி, சுற்றி சிலிகான் பூசி முந்தின இரவே காயவிட்டிருந்தேன். டப்பாவிலிருந்து கொஞ்சம் ஆயிலை உறிஞ்சி எடுத்து மட்டத்தைக் குறைத்துக்கொண்டேன். வேக்கம் ஏறும்போது ஆயில் பொங்கும். கை பம்புக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு சின்ன பாட்டிலும் வைத்தேன், பொங்கி வந்தால் அதில் விழட்டும் என்று.

இன்ஜின் அணைந்த நிலையில் மெதுவாக 20 இஞ்ச் பாதரசம் வரை இழுத்தேன். கிலோபாஸ்கலில் சொன்னால் சுமார் 68. டப்பாவுக்குள் மிஞ்சுவது வெளிக்காற்றின் மூன்றில் ஒரு பங்கு அழுத்தம்தான். அழுத்தம் குறைந்தால் காற்று அதே விகிதத்தில் விரியும் என்கிற பாயில் விதிப்படி குமிழ் மூன்று மடங்கு பெருக்கும், விட்டத்தில் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஸ்டோக்ஸ் கணக்கில் இரண்டு மடங்கு வேகம். பெரிதானவை ஒன்றோடொன்று ஒட்டி இன்னும் பெரிதாகும். அது மட்டுமில்லை, மினரல் ஆயிலில் சாதாரணமாகவே தன் அளவில் நூற்றுக்கு ஒன்பது பங்கு காற்று கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிறது. வேக்கத்தில் அதில் கொஞ்சமும் வெளியே வந்துவிடும். அதனால் முதல் சில நிமிடம் மீட்டர் முள் இரண்டு மூன்று இஞ்ச் இறங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. திரும்ப இழுத்து விட்டால் நிற்க வேண்டும்.

என் முள் நிற்கவில்லை. 20, 17, 14. திரும்ப 20. அதே வேகத்தில் இறங்கியது.

டார்ச்சை டப்பாவின் பக்கவாட்டில் ஒட்டி வைத்து உள்ளே பார்த்தேன். அடியில் இரண்டு துளை. ஒன்று ரிட்டர்ன் வந்து சேரும் துளை, மற்றது பம்புக்குப் போகும் தடித்த துளை. ரிட்டர்ன் துளையிலிருந்து இரண்டு மூன்று குமிழ் வந்து ஓய்ந்துவிட்டது. தடித்த துளையிலிருந்து, நூலில் கோத்த மணி மாதிரி, சம இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகக் குமிழ் எழுந்துகொண்டே இருந்தது. இரண்டு நிமிடம் பார்த்தேன். நிற்கவே இல்லை. நான்கு நாளாக ஓடும் இன்ஜினில் காதால் தேடிக்கொண்டிருந்ததை, அணைந்த காரில் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி மூன்றில் எது என்பதுதான். கெட்டி கிரீஸை விரலில் எடுத்து டப்பா பக்கத்துக் கிளாம்பைச் சுற்றி அப்பினேன். மணிச்சரம் நிற்கவில்லை. எல்போ பக்கத்துக் கிளாம்ப். நிற்கவில்லை. எல்போவும் பம்பும் சேரும் விளிம்பில் கையை வளைத்து விட்டு, தடவித் தடவி ஒரு கட்டி கிரீஸை அமுக்கினேன். மணிச்சரம் அறுந்தது. வேக்கம் 20 வரை இழுத்து மகளிடம் முள்ளைப் பார்க்கச் சொன்னேன்.

"இருபதுலயே நிக்குதுப்பா."

"இப்ப?"

"நிக்குது."

எல்போவைக் கழற்றினேன். அதன் முகத்தில் ஒரு பள்ளம், பள்ளத்தில் இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங். சுண்டுவிரல் மோதிரம் அளவுதான். வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்க வேண்டிய கம்பி, தட்டையாகி எல்போ முகத்தோடு சமமாகிவிட்டிருந்தது. நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை, பிளாஸ்டிக் மாதிரி. பல வருடம் இன்ஜின் சூட்டில் வெந்து, தான் இருந்த இடத்தின் அச்சாகவே இறுகிவிட்டது. நான் கழற்றாமல் இருந்திருந்தால் அதே இடத்தில் அதே அச்சில் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கும். கழற்றி மாட்டியபோது ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்தது, அது போதும். ஹோஸோடு ஒரே ஒரு புது ஓ-ரிங் வந்திருந்தது, அது ரேக் பக்கத்துக்கு. இதற்கும் ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இதற்கு ஓ-ரிங்கைப் பார்ட் நம்பர் சொல்லி வாங்குங்கள். குழாய் ரிப்பேருக்கு வைத்திருக்கும் ஓ-ரிங் டப்பாவில் அளவு சரியாக ஒன்று கிடைத்தாலும் போடாதீர்கள். தண்ணீருக்கான ரப்பர்களில் ஒரு வகை, ஈபிடிஎம், மினரல் ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். புதியதைப் பள்ளத்தில் வைத்ததுமே வித்தியாசம் தெரிந்தது. எல்போ முகத்துக்கு மேலே நன்றாகப் புடைத்து நின்றது. அதே ஆயிலில் ஒரு சொட்டு தடவி, கிரீஸை முழுக்கத் துடைத்தெடுத்து, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி இறுக்கினேன். ஆறு எம்எம் போல்ட், அலுமினிய மரை. பலத்தைக் காட்டினால் மரை கழன்று கையில் வரும்.

கடைசியாக ஒருமுறை ஏர் எடுத்தேன். இந்த முறை வேக்கமே முதலில். 20 இஞ்ச் இழுத்து ஐந்து நிமிடம். முள் இரண்டரை இஞ்ச் இறங்கியது, திரும்ப இழுத்தேன், நின்றது. வேக்கம் இருக்கும்போதே மகள் பத்து தடவை ஒடித்தாள். பிறகு மூடியை எடுத்து, மட்டம் சரிபார்த்து, இன்ஜின். மொத்தம் இருபது நிமிடம்கூட ஆகவில்லை. முதல் நாளே இந்த வரிசையில் செய்திருந்தால் முள்ளே காட்டிக்கொடுத்திருக்கும். ஹோஸ் வேலை எது செய்தாலும் இனி எனக்கு முதலில் வேக்கம், பிறகுதான் சாவி. வேக்கம் பம்ப் இல்லாதவர்களுக்குச் சக்கரத்தைத் தூக்கித் திருப்பும் முறையே போதும், அதில் குறையில்லை. அது ஏரை எடுக்கும். ஏர் வரும் வழியை மட்டும் காட்டாது.

டப்பாவில் ஒட்டிய வெள்ளை டேப்பை எடுக்கவில்லை. மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினில் இரண்டு கோட்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர். ஒரு வாரம் ஓட்டிய பிறகும் 2. பழைய ஓ-ரிங்கை மகள் கையில் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொன்னேன். பாதி வளைவதற்குள் 'டக்' என்று இரண்டாக உடைந்தது.